கால் மணி நேரம்!

ஜெகதளாவிலே ஒரு பள்ளிக்கூடம். காலை இடைவேளை மணி அடிக்கிறது. பிள்ளைகள் வெளியே ஓடி வருகிறார்கள். எவனோ உதைத்த பந்து வேலியைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் விழுகிறது. எடுக்கப் போகிறார்கள் இரண்டு பையன்கள். செடியின் தூரிலே குளவிக்கூடு. தெரியாமல் மிதித்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கொட்டு, இரண்டு கொட்டு. அலறிக்கொண்டு திரும்பி ஓடி வருகிறார்கள்.

ஒருவன் அழுகிறான். கொட்டிய இடம் தடித்து வீங்குகிறது. யாரோ சுண்ணாம்பு கொண்டு வந்து தடவுகிறார்கள். கொஞ்ச நேரத்திலே அழுகை ஓய்கிறது. மறுபடியும் பந்து எங்கே என்று கேட்கிறான்.

மற்றவன் அழவில்லை. உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறான். கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. உதடு பருக்கிறது. குரல் கம்முகிறது. ஒரு முறை வாந்தி எடுக்கிறான். "சார், மூச்சு முட்டுது சார்" என்கிறான். முகம் வெளுத்துப் போகிறது. பெஞ்சியிலே உட்கார வைத்தால் சரிந்து விழுகிறான்.

நடந்துவிட்ட நிகழ்ச்சியை நாம் எழுதவில்லை. நடந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறோம். ஜெகதளாவில் மட்டுமல்ல, அருவங்காட்டிலே, கேத்தியிலே, கோத்தகிரியிலே, பந்தலூரிலே, தேயிலையும் சோலையும் சூழ்ந்து நிற்கிற ஒவ்வொரு பள்ளியிலும் கேட்கிறோம். அந்த இரண்டாவது பையனுக்காக, அந்தப் பள்ளியின் பீரோவிலே என்ன இருக்கிறது?

பஞ்சு இருக்கும். டிஞ்சர் இருக்கும். ஒட்டுப் பிளாஸ்திரி இருக்கும். காய்ச்சல் மாத்திரை நாலு இருந்தாலும் இருக்கும். அவன் உயிரைக் காக்கக் கூடிய ஒரே மருந்து மட்டும் இருக்காது.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே குளவி. ஒரே அளவு விஷம். ஒருவன் பிழைத்து விளையாடுகிறான். மற்றவன் சாவோடு போராடுகிறான். விஷத்தாலே வந்த வினையல்ல அது. அவனுடைய உடம்பே, அந்த விஷத்தைப் பெரும் பகையென்று தப்பாக எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள ஆயுதங்களையெல்லாம் ஒரே நேரத்தில் வாரி இறைத்துவிடுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இரத்த அழுத்தம் சரிகிறது. மூச்சுக்குழல் சுருங்குகிறது, தொண்டை வீங்குகிறது. திருடனைப் பிடிக்கிறேன் என்று வீட்டுக்கே தீ வைத்த கதை!

அலர்ஜி, ஒவ்வாமை என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோமே, அதன் உச்சம் இது. அனபிலாக்சிஸ் என்பது மருத்துவர்கள் இட்ட பெயர். பெயரைச் சூட்டியவர் சார்லஸ் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர். கடல்வாழ் உயிர்களின் விஷத்தை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பழக்கினால், நாய்களுக்கு அதைத் தாங்கும் சக்தி வரும் என்று எண்ணினார். முதல் ஊசியிலே ஒன்றும் நேராத நாய், சில வாரம் கழித்து அதிலும் குறைந்த அளவு மருந்திலே நிமிடக் கணக்கில் மாண்டது. காக்குமென்று எண்ணியது கொன்றது. 1902-ம் ஆண்டு உலகுக்கு இதைச் சொன்ன ரிஷேவுக்கு 1913-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி, தோழர்களே! நேற்றுப் பிறந்த புது நோயல்ல.

குளவியும் தேனீயும் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்பதில்லை. சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஆகாது. சிலருக்குப் பால், சிலருக்கு முட்டை, இறால், கோதுமை. சிலருக்கு ஊசி மருந்து. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலே, மைதாவும் கோதுமையும் ஒவ்வாத பள்ளி மாணவி ஒருத்தி பரோட்டா தின்றதனாலே மாண்டாள் என்ற செய்தியை ஏடுகளிலே படித்தோம். பரோட்டா! நம் வீட்டுப் பிள்ளைகள் ஆசையோடு கேட்டு வாங்கித் தின்கிற பண்டம்.

எவ்வளவு நேரம் இருக்கிறது அந்தப் பையனுக்கு? இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி.

பிரிட்டனிலே பம்ஃப்ரி என்ற மருத்துவர், இப்படி மாண்டவர்களுடைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி 2000-ம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வாத உணவு தின்றவர்களுக்கு இருதயமோ மூச்சோ நிற்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம், நடுத்தரமாகக் கணக்கிட்டால் 30 நிமிடம். குளவியோ தேனீயோ கொட்டியவர்களுக்கு 15 நிமிடம். மருத்துவமனையில் செலுத்திய மருந்தே ஒவ்வாமல் போனவர்களுக்கு 5 நிமிடம்.

கால் மணி நேரம்! ஒரு பாட வேளையிலே பாதிகூட இல்லை.

இனி நம் மலையைப் பாருங்கள். 108 ஆம்புலன்ஸ் 2008-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. எத்தனையோ உயிரை மீட்டிருக்கிறது. அந்த ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவை நீட்டி நிமிர்த்த அவர்களாலே முடியுமா? சீசன் காலத்திலே குன்னூர்ச் சாலையில் சுற்றுலா வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மழைக் காலத்திலே மண் சரிகிறது. 2009-ம் ஆண்டு நவம்பர் மழையிலே நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் புதைந்து மாண்டார்கள். ஊருக்கும் ஊருக்கும் வழியே இல்லாமல் போனது. மழையும் சீசனும் இல்லாத நாளிலே, வளைவு திரும்பினால் காட்டெருமை நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கும். அதற்கு ஹார்ன் அடித்தால் யாருக்கு ஆபத்து என்பது மலைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அழைத்து, வண்டி புறப்பட்டு, வந்து, பிள்ளையை ஏற்றி, குன்னூர் லாலி மருத்துவமனைக்கோ ஊட்டிக்கோ போய்ச் சேருவதற்குள் அந்தக் கால் மணி நேரம் கரைந்துவிடும். ஆகவே மருந்தை நோக்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் போதாது. பிள்ளை இருக்கிற இடத்திலே மருந்து இருக்க வேண்டும். நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த மருந்து எது? சந்திர மண்டலத்திலிருந்து வர வேண்டியதா? பணக்கார நாட்டின் இரகசியமா?

இல்லை. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் சிறுநீரகத்தின் தலைமாட்டிலே ஒரு சுரப்பி இருக்கிறது. பயந்தால், கோபம் வந்தால், ஓடினால், அது ஒரு நீரைச் சுரக்கிறது. அட்ரினலின் என்று பெயர். 1901-ம் ஆண்டிலேயே தகாமினே என்ற ஜப்பானியர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். தளர்ந்த இரத்தக் குழாயை இறுக்கும். சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கும். தடுமாறும் இருதயத்துக்குத் தெம்பு தரும். சிறு கண்ணாடிக் குப்பியிலே ஒரு மில்லி அடைத்து வருகிறது. தொடையின் வெளிப்புறச் சதையிலே போட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது, நம் நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. விலை? இரண்டு பேர் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டுக் காப்பி குடித்தால் ஆகிற செலவுகூட ஆகாது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்றா சொல்வது, கொடுமை என்று சொல்லுங்கள். இந்த மலிவான மருந்தைப் பேனா போன்ற ஒரு கருவியிலே அடைத்து, யார் வேண்டுமானாலும் தொடையிலே அழுத்திப் போட்டுக்கொள்ளும்படி செய்தார்கள். நல்ல கருவி, 1987-ம் ஆண்டு அமெரிக்க அரசு அனுமதித்தது. பிற்பாடு 2007-ம் ஆண்டில் மைலான் என்ற கம்பெனியின் கைக்கு அது வந்தது. அப்போது இரண்டு பேனா ஏறத்தாழ 100 டாலர். 2016-ல் அதே இரண்டு பேனா ஏறத்தாழ 600 டாலர்! உள்ளே இருக்கும் மருந்து மாறவில்லை. மாறியது விலைச் சீட்டு. அமெரிக்கத் தாய்மார்கள் கொதித்து எழுந்தார்கள், கம்பெனித் தலைவியை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. சாகப் போகிற பிள்ளையின் தாய் பேரம் பேச மாட்டாள் என்பது முதலாளிக்குத் தெரியும்.

அந்தப் பேனா நம் ஊர் மருந்துக் கடையிலே போய்க் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற சரக்கல்ல. அது வரட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். குப்பியும் சிரிஞ்சும் போதும். அவற்றைப் பிடிக்கப் பழகிய ஒரு கையும் வேண்டும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. நம் மக்களுக்கு அவில் என்றால் பெரிய நம்பிக்கை. அரிப்பா, அவில். வீக்கமா, அவில். அரிப்பை அடக்கும், உண்மை. ஆனால் விழுந்துகொண்டிருக்கும் இரத்த அழுத்தத்தை அவில் தூக்கி நிறுத்தாது. அடைபடும் தொண்டையைத் திறக்காது. மாத்திரை கொடுத்துவிட்டோம், சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் பிள்ளையைக் கொல்கிறது. சுண்ணாம்பின் கதையும் அதுதான். எரிச்சலுக்குத் தடவுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூச்சுக்கு அது மருந்தல்ல.

பள்ளிக்கூடத்திலே நிமிடங்கள் எப்படிப் பறிபோகும் என்பதற்குத் தொலைவிலே போய்ச் சாட்சி தேட வேண்டாம். நீலகிரியின் எல்லைக்கு அப்பால், வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் ஓர் அரசுப் பள்ளி. 2019-ம் ஆண்டு நவம்பர் 20-ம் நாள். ஐந்தாம் வகுப்பிலே படித்த 10 வயதுச் சிறுமி. வகுப்பறையில் இருந்த பொந்து ஒன்றிலே கால் பட, பாம்பு தீண்டிவிட்டது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னோம், போகவில்லை, அவளுடைய அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள் என்று கூடப் படித்த பிள்ளைகள் அழுதுகொண்டே ஊருக்குச் சொன்னார்கள். அன்றே அவள் மாண்டாள். ஊர் கொந்தளித்தது. ஆசிரியர் மீது நடவடிக்கை, மருத்துவர் மீது நடவடிக்கை. சிறுமி திரும்பி வரவில்லை.

பாம்புக்கடி வேறு, ஒவ்வாமை வேறு. கலந்து பேசவில்லை நாம். ஆனால் அந்த வகுப்பறையிலே நடந்தது என்ன? பெரியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யார் பொறுப்பு என்று எழுதி வைக்கவில்லை. தகப்பன் வரட்டும் என்றால் பழி தம் மேல் வராது என்ற எண்ணம். பாம்புக்கடிக்காவது சில மணி நேரம் அவகாசம் கிடைப்பதுண்டு. குளவிக்கொட்டு ஒவ்வாத பிள்ளைக்கு அதுவும் இல்லை.

குளவிக்கொட்டு என்ற சொல்லை நாம் எங்கேயிருந்து எடுத்தோம் தெரியுமா? இலங்கையிலிருந்து. அங்குள்ள தமிழ் ஏட்டைப் பிரித்தால், மலையகத் தோட்டத்திலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்று செய்தி வராத மாதம் இல்லை. பள்ளி மாணவர்கள் என்றும் வரும். 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்து, நம் நீலகிரியிலே டான்டீ தோட்டங்களிலே குடியமர்ந்த குடும்பங்களிலே பெரியவர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்லுவார்கள். கடல் தாண்டி வந்தும் அவர்களை விடாத பகை அது. தேயிலை இருக்கும் இடத்திலே குளவி இருக்கும். கொட்டு வாங்குவது தோட்ட முதலாளியல்ல. கொழுந்து பறிக்கும் தாயும், அவள் பிள்ளையும்தான்.

2025-ம் ஆண்டு ஏப்ரலில் கூடலூர் ஊசிமலைக்குச் சுற்றிப் பார்க்க வந்த கேரள இளைஞர் ஒருவர் தேனீக் கூட்டம் கொட்டி மாண்டார். நூற்றுக்கணக்கில் கொட்டினால் விஷமே கொன்றுவிடும், ஒவ்வாமை தேவையில்லை. ஆனால் ஒவ்வாத உடம்புக்கு ஒரே கொட்டு போதும். அந்த வேறுபாட்டை மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே 'ஒரு குளவிதானே கொட்டியது' என்று சொல்லிப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது சர்க்கார் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். ஊசி போடுவது மருத்துவர் வேலை, ஆசிரியர் கையிலே எப்படிக் கொடுப்பது என்று கோப்பிலே எழுதுவார்கள். சரி. அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

2021-ம் ஆண்டு நாமெல்லாம் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டோமே, ஊசி போட்டதும் அரை மணி நேரம் நாற்காலியிலே உட்கார வைத்தார்களே, ஏன்? இந்த ஒவ்வாமைக்காகத்தான். 2022 ஜனவரியில் 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே முகாம் வைத்தார்கள். அப்போது அங்கே ஒரு சிறு பெட்டி இருந்தது. அதிலே அட்ரினலின் குப்பி, சிறு சிரிஞ்சு, ஊசி, எந்த வயதுக்கு எவ்வளவு என்று எழுதிய அட்டை. தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர், மருத்துவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், ஆபத்து என்று கண்டால் ஒரு முறை அட்ரினலின் போட்டுவிட்டுப் பிள்ளையை அனுப்பலாம் என்று நம் நாட்டு விதியே சொல்லுகிறது.

பார்த்தீர்களா! மருந்து பள்ளிக்குள் வரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். மருத்துவரல்லாத கை அதைப் போடலாம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். முகாம் முடிந்ததும் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தடுப்பூசி நாளன்று ஒவ்வாமை வந்தால் பிள்ளை பிழைக்கும். மறு நாள் குளவி கொட்டினால் பிழைக்காது. குளவி என்ன, முகாம் தேதியைப் பார்த்தா கொட்டும்?

மலைப் பகுதியிலே 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அளவு. அந்தச் செவிலியர் ஒருத்திக்குக் கர்ப்பிணிகள், குழந்தைகள், கணக்குப் புத்தகங்கள், மேடும் பள்ளமுமாக நடை. அவர் ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளிக்கு வந்து, இரண்டு ஆசிரியருக்கும் ஒரு சத்துணவு ஊழியருக்கும் கற்றுக் கொடுக்க முடியும். சத்துணவு ஊழியரை ஏன் சேர்க்கிறோம்? தின்ற பிள்ளையின் முகம் மாறுவதை முதலில் பார்க்கிறவர் அவர்தான். பிள்ளையின் வாயறிந்து பரிமாறுகிறவரும் அவர்தான்.

சத்துணவைச் சொன்னதும் ஒரு எச்சரிக்கை. முட்டை ஒவ்வாத பிள்ளைகள் சிலர் உண்டு என்று நாம் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, முட்டையையே நிறுத்திவிடு என்று சில பேர் கிளம்புவார்கள். அவர்களுடைய ஒவ்வாமை வேறு வகை. அதற்கு ஊசி கிடையாது. 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று படிப்படியாக வந்த சோறு அது. ஏழைப் பிள்ளையின் தட்டிலே விழுகிற முட்டையைத் தட்டிப் பறிக்க நாம் இடம் கொடுக்க மாட்டோம். முட்டை ஆகாத பிள்ளை யார் என்று பெயர் தெரிந்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் வாழைப்பழம் கொடுத்தால் போதும். பெயர் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். சேர்க்கைப் படிவத்திலே சாதி கேட்கிறோம், வருமானம் கேட்கிறோம், அங்க அடையாளம் இரண்டு கேட்கிறோம். 'உங்கள் பிள்ளைக்கு எது ஆகாது? முன்பு எப்போதாவது மூச்சு முட்டியதா?' என்று ஒரு வரி கேட்டால் காகிதம் கிழிந்தா போகும்?

வெளிநாடுகளிலே என்ன செய்தார்கள்? கானடாவின் ஒண்டாரியோ மாநிலத்திலே 2003-ம் ஆண்டு 13 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றாள். அவளுக்குப் பால் பொருள் ஆகாது. வறுவலிலே அது எப்படியோ ஒட்டியிருந்தது. மருந்துப் பேனா அவளிடம் இருந்தது, ஆனால் எங்கே? அவளுடைய பூட்டிய பெட்டியிலே! எடுத்து வர ஓடினார்கள், வருவதற்குள் சரிந்துவிட்டாள். அவள் பெயராலேயே 2005-ம் ஆண்டு சப்ரினா சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் திட்டம் வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி வேண்டும், நல்லெண்ணத்தோடு மருந்து போட்ட ஆசிரியர் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடரக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. அமெரிக்காவிலே 2013-ல், பள்ளிகளிலே இந்த மருந்தை வைக்க ஊக்கம் தரும் சட்டம் வந்தது. பிரிட்டனிலே 2017 அக்டோபர் முதல் பள்ளிக்கூடமே மருந்துப் பேனாவை வாங்கி வைக்கலாம் என்றார்கள்.

அதே 2017-ம் ஆண்டு ஜூனில் இலண்டன் பள்ளியொன்றிலே 13 வயதுப் பையன் மீது விளையாட்டாக இன்னொருவன் பாலாடைக்கட்டித் துண்டை எறிந்தான். பட்ட பையனுக்குப் பால் ஆகாது என்பது பள்ளிக்கு முன்பே தெரியும். மருந்தும் பள்ளியிலே இருந்தது. ஆனால் அது காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. பையன் பிழைக்கவில்லை. மருந்து வாங்கி வைத்தோம், கடமை முடிந்தது என்று இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லிற்று? 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பு. வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ் அறை. எந்த முதலாளியும் மனமிரங்கித் தந்ததல்ல அது. விரல் போனவர்களும் கண் போனவர்களும் கேட்டு வாங்கியது. தோட்டத் தொழிலாளருக்கு 1951-ம் ஆண்டுச் சட்டம் மருத்துவ வசதி என்று எழுதியது. தகப்பன் வேலை செய்யும் இடத்துக்குப் பெட்டி கேட்டு வாங்கினோம். மகன் படிக்கும் இடத்துக்கு மட்டும் கேட்க மறந்து போனோமா?

குன்னூரிலே பாஸ்டர் நிலையம் இருக்கிறதே, அது எப்படி வந்தது? 1902-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறிநாய்க்கடி நோயாலே மாண்டாள். தென்னாட்டிலே அதற்கு மருந்து தரும் இடம் இல்லை. அப்போது இருந்தது வடக்கே கசௌலியில். மருந்து தொலைவிலே இருப்பதும் மருந்து இல்லாததும் ஒன்றுதான் என்று அன்றைக்கு உறைத்தது. பணம் திரட்டினார்கள். 1907-ல் நிலையம் எழுந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவுக்கு ஐந்தே ஆண்டில் ஒரு நிலையம்! ஒரு குப்பியும் ஒரு சிரிஞ்சும் வைக்க, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்?

கணக்கு என்றோம். பாம்புக்கடிக்குக் கணக்கு வைத்துத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலே 2024 நவம்பரில் ஆணை வந்தது, வரவேற்கிறோம். ஒவ்வாமையாலே மாண்ட பிள்ளைக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. 'திடீர் மூச்சுத் திணறல்' என்று எழுதிவிட்டால் முடிந்தது. எழுதாத சாவுக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்?

ஆசிரியர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்காளர் பட்டியல் நம் தலையிலே, கணக்கெடுப்பு நம் தலையிலே, இப்போது ஊசியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஊசி போட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊரே திரண்டு வந்து சட்டையைப் பிடிக்குமே என்ற அச்சமும் நியாயமானது. ஆபத்திலே நல்லெண்ணத்தோடு உதவியவனுக்கு 1860-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே ஓரளவு காப்பு இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் வகுப்பறையிலே நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு ஆசிரியைக்கு அது போதாது. 'பயிற்சி பெற்று, அட்டையிலே கண்ட அளவுப்படி மருந்து போட்ட ஊழியர் மீது துறை நடவடிக்கையும் இல்லை, வழக்கும் இல்லை' என்று பச்சையாக எழுதிய அரசாணை வேண்டும். அதை நீங்கள் கேளுங்கள். உங்களோடு சேர்ந்து நாமும் கேட்கிறோம். உடம்பு நலமான பிள்ளைக்குத் தவறிப் போட்டுவிட்டாலும், கொஞ்ச நேரம் படபடப்பும் கை நடுக்கமும் வந்து போகும். போட வேண்டிய பிள்ளைக்குப் போடாமல் விட்டால் போவது உயிர் என்பதையும் மருத்துவர்கள் உங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். அளவு பெரிய கணக்கல்ல. ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 0.2.

அரசாணை வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? படிப்பகத்திலே உட்கார்ந்து இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர்களுக்குத்தான் இதைச் சொல்கிறோம். ஏனென்றால் பள்ளியிலிருந்து கூக்குரல் கேட்டால் முதலிலே ஓடப் போகிறவர்கள் நீங்கள்.

ஓடிப் போனதும் நீங்கள் செய்யும் முதல் காரியம் என்ன? பிள்ளையை மோட்டார் சைக்கிளிலே நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு பறப்பீர்கள். உங்கள் நல்ல மனம் அது. ஆனால் அதைச் செய்யாதீர்கள்! இரத்த அழுத்தம் விழுந்த பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தால், நிற்க வைத்தால், நடக்க வைத்தால், இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் நின்று அந்த இடத்திலேயே உயிர் போகலாம். மேலே சொன்ன அதே பம்ஃப்ரி இதையும் கண்டு எழுதியிருக்கிறார். படுக்க வையுங்கள். காலைச் சற்று உயரத் தூக்கி வையுங்கள். மூச்சுவிட மிகவும் சிரமப்பட்டால் மட்டும், சாய்ந்து உட்காரட்டும், கால் நீட்டியபடி. வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலிலே நிற்கும். உடனே சுரண்டி எடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. ஒருவர் 108-ஐ அழையுங்கள். 'குளவி கொட்டியது' என்று மட்டும் சொல்லாமல், 'மூச்சு முட்டுகிறது, மயங்குகிறான்' என்று சொல்லுங்கள். இன்னொருவர் செவிலியரைக் கூட்டி வர ஓடுங்கள், அவருடைய பெட்டியோடு. வண்டி வராது என்றால் ஜீப்பிலே படுக்க வைத்துக் கொண்டு போங்கள். ஊசி போட்டு 5 நிமிடத்திலே தெளியவில்லை என்றால் இன்னொன்று தேவைப்படலாம். ஆகவே போட்ட நேரத்தைப் பிள்ளையின் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். தெளிந்து எழுந்து சிரித்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து அது திரும்பி வருவதுண்டு.

கிளைத் தோழர்கள் இந்த மாதமே ஒரு காரியம் செய்யலாம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதிலே பெரும்பாலோர் பெற்றோர்கள், அதாவது நீங்கள்! அடுத்த கூட்டத்திலே தீர்மானம் கொண்டு வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அட்ரினலின் பெட்டி ஒன்று எங்கள் பள்ளிக்கு வேண்டும், பயிற்சி வேண்டும், ஆகாதது எது என்று எழுதிய பிள்ளைகளின் பட்டியல் வேண்டும் என்று எழுதுங்கள். பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு நகல், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல், முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். பள்ளியைச் சுற்றியுள்ள குளவிக்கூட்டைத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அகற்றச் செய்யுங்கள். பையன்களைக் கல்லெறிய விடாதீர்கள். குப்பியின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியைச் சுவரிலே பெரிதாக எழுதி வையுங்கள். பள்ளி பீரோக்களின் சாவி வழக்கமாகத் தலைமை ஆசிரியர் பையிலே இருக்கும். அவரோ கூட்டத்துக்கு ஊட்டி போயிருப்பார். ஆகவே அந்தப் பெட்டிக்கு மட்டும் பூட்டுப் போடக் கூடாது என்பதையும் தீர்மானத்திலே ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.